மூணாவது ஸ்டாரா, ஆறாவது ஆளா? ஒரு என்பிஏ டீம எடை போடுறது எப்படி

புதுசா என்பிஏ (அமெரிக்காவோட பெரிய பாஸ்கெட்பால் லீக்) பாக்க வர்றவங்க மொதல்ல கேக்குற கேள்வி "எந்த டீம்ல பெரிய ஆளுங்க ஜாஸ்தி?"ன்னு தான். நானும் அப்படித்தான் இருந்தேன். 2023 ஜூன்ல ஃபீனிக்ஸ் சன்ஸ் பிராட்லி பீல வாங்குனப்போ, ஏற்கனவே கெவின் டுராண்ட் இருக்காரு, டெவின் புக்கர் இருக்காரு, இனி இவங்கள எவன் அடிப்பான்னு ஆபீஸ்ல ஒருத்தன்கிட்ட பிரியாணி பெட் கட்டிட்டேன். அடுத்த ஏப்ரல்ல மினசோட்டா டிம்பர்வுல்வ்ஸ் பிளேஆஃப் (சீசன் முடிஞ்சு வர்ற நாக்-அவுட், ஒரு ரவுண்ட்ல மொதல்ல நாலு மேட்ச் ஜெயிக்கிறவங்க அடுத்த ரவுண்டுக்கு) மொத ரவுண்ட்லயே 4-0ன்னு தொடச்சு அனுப்பிட்டாங்க. பிரியாணி வாங்கிக் குடுத்தேன், அவன் லெக் பீஸ் தனியா வேற கேட்டான்.

அந்த வயித்தெரிச்சல்ல தான் உக்காந்து கத்துக்கிட்டேன், ஒரு டீம்ல ஸ்டாருக்கு எவ்ளோ, பெஞ்சுக்கு (நடுவுல மாத்தி எறங்குற ஆளுங்க) எவ்ளோன்னு எப்படி கணக்கு போடணும்னு. சீசன் ப்ரிவியூ படிக்கிறதுக்கு, நண்பர்களோட சண்டை போடுறதுக்கு, வீடியோ கேம்ல ஜிஎம் (டீமுக்கு ஆள் எடுக்குற மேனேஜர்) மோடு ஆடுறதுக்கு எல்லாத்துக்கும் இதே கணக்கு தான்.

ஸ்டெப் 1: பேப்பர்ல 240னு எழுதுங்க

ஒரு மேட்ச் 48 நிமிஷம். கோர்ட்ல ஒரு டீமுக்கு ஒரே நேரத்துல 5 பேரு. ஆக பங்கு போட மொத்தம் 240 நிமிஷம் தான் இருக்கு, ஓவர்டைம் வந்தா தவிர. இப்போ உங்க டீமோட ஸ்டார்ட்டிங் அஞ்சு பேர எழுதி ஆளுக்கு 34 நிமிஷம் போடுங்க, 170 போயிடுச்சு. மிச்சம் 70. அத 20, 20, 18, 12ன்னு பிரிச்சா நாலு பேரு தான். டீம்ல 15 பேருக்கு ஃபுல் கான்ட்ராக்ட், கூட டூ-வே கான்ட்ராக்ட்ல (மெயின் டீமுக்கும் அதோட ஜூனியர் டீமுக்கும் சேத்து ஆடுறவங்க) 3 பேரு வரைக்கும் இருக்கலாம், ஆனா உண்மையில மேட்ச் ஜெயிக்கிறது தோக்குறது இந்த ஒன்பது பேரு கையில தான். மத்தவங்க பெரும்பாலும் ஒப்புக்குச் சப்பாணி, கோவிச்சுக்காதீங்க, அவங்களும் உலகத்துலயே பெரிய ஆட்டக்காரங்க தான், ஆனா நிமிஷம் இல்லையே.

அதனால "எங்க டீம்ல பன்னண்டு பேரும் நல்லா ஆடுவாங்க"ன்னு யாராவது பெருமையா சொன்னா ஒடனே நம்பிடாதீங்க. பத்தாவது ஆளுக்கும் பன்னண்டாவது ஆளுக்கும் உள்ள வித்தியாசம் பிளேஆஃப்ல பைசாவுக்கு பிரயோஜனம் இல்ல. ஆறாவது, ஏழாவது, எட்டாவது ஆள் யாருன்னு கேளுங்க. டெப்த்னா அவங்க தான்.

ஸ்டெப் 2: ஸ்டார் இல்லாம ஆரம்பிக்காதீங்க

கிரிக்கெட் பாத்து வளந்த நமக்கு இது கொஞ்சம் இடிக்கும். ஐபிஎல்ல எவ்ளோ பெரிய பவுலரா இருந்தாலும் 20ல 4 ஓவர் தான் போட முடியும், எவ்ளோ பெரிய பேட்ஸ்மேனா இருந்தாலும் மொத பால்லயே அவுட் ஆகிட்டா அன்னிக்கு கதை முடிஞ்சுது. பாஸ்கெட்பால்ல அந்த மாதிரி கட்டுப்பாடு எதுவும் கிடையாது. டென்வரோட நிக்கோலா யோகிச் மாதிரி ஒருத்தர் 48ல 36 நிமிஷத்துக்கு மேல உள்ள இருப்பாரு, ஒவ்வொரு தடவையும் பந்து அவரு கைக்கு வரும், ஷாட் மிஸ் ஆனா அடுத்த 30 செகண்ட்ல இன்னொரு வாய்ப்பு. அஞ்சுல ஒருத்தர், அதுவும் முக்கால்வாசி நேரம். அதான் இங்க ஒத்த ஆளோட மதிப்பு இவ்ளோ எகிறுது.

2004ல டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் ஒரு சூப்பர்ஸ்டார் கூட இல்லாம (சான்சி பில்அப்ஸ், ரிச்சர்ட் ஹாமில்டன், பென் வாலஸ் செட்டு) ஷாக்கில் ஓ'நீல், கோபி பிரையன்ட், கார்ல் மலோன், கேரி பேட்டன்னு நாலு பெரிய பேரோட வந்த லேக்கர்ஸ 4-1ன்னு கவுத்தாங்களே, அப்போ அது? இத எல்லாரும் உதாரணமா இழுப்பாங்க. ஆனா 20 வருஷம் கழிச்சும் அந்த ஒரே டீமத்தான் இழுக்குறாங்கன்னா, அது எவ்ளோ அபூர்வம்னு புரிஞ்சுக்கோங்க.

ஸ்டெப் 3: அதே பேப்பர்ல காசு போடுங்க

இது தான் நிறைய பேரு தாண்டிட்டு போற ஸ்டெப், ஆனா மொத்த விளையாட்டும் இங்க தான் நடக்குது. 2025-26 சீசனுக்கு சேலரி கேப் (ஒரு டீமோட மொத்த சம்பளத்துக்கு லீக் வச்ச வரம்பு) 15.46 கோடி டாலர். ஒரு ப்ளேயருக்கு அதிகபட்சம் எவ்ளோங்கிறது அவரோட அனுபவத்த பொறுத்து கேப்ல 25, 30 இல்ல 35 சதவீதம். 35ன்னா சுமார் 5.41 கோடி. இந்த கேப் கறாரான சுவர் இல்ல, உங்க சொந்த ப்ளேயர தக்க வச்சுக்க தாண்டலாம், அதுக்கு பேரு பேர்ட் ரைட்ஸ், லாரி பேர்ட் பேர வச்சு வந்தது. தாண்டுனா ஒரு அளவுக்கு மேல லக்சுரி டாக்ஸ் கட்டணும். ஓனருக்கு காசு இருந்தா கட்டிட்டு போகலாம்னு ஒரு காலம் இருந்துச்சு.

2023ல லீக்குக்கும் ப்ளேயர்ஸ் யூனியனுக்கும் நடுவுல வந்த புது ஒப்பந்தம் அத மாத்திடுச்சு. செகண்ட் ஏப்ரன்னு ஒரு கோடு போட்டாங்க, 2025-26க்கு அது 20.78 கோடி. அந்தக் கோட்ட தாண்டுனா காசு போறது மட்டும் இல்ல, கைய கட்டிடுவாங்க. ரெண்டு மூணு பேரோட சம்பளத்த சேத்துக் குடுத்து ஒரு பெரிய ஆள ட்ரேடுல (டீமுக்கு டீம் ஆள் மாத்திக்கிறது) வாங்க முடியாது, வெளியில இருந்து ஆள் எடுக்க இருக்குற மிட்-லெவல் சலுகையும் கிடையாது, ட்ரேடுல காசு குடுக்க முடியாது, ஏழு வருஷம் கழிச்சு வர்ற ஃபர்ஸ்ட் ரவுண்ட் பிக்க (வருஷா வருஷம் புதுப் பசங்கள எடுக்குற ட்ராஃப்ட்ல மொத சுத்து வாய்ப்பு) ட்ரேடு பண்ண முடியாம ஃப்ரீஸ் பண்ணிடுவாங்க. மிச்சம் இருக்குறது மினிமம் சம்பளத்துக்கு வர்ற ஆளுங்க தான், ஒருத்தருக்கு கேப் கணக்குல சுமார் 23 லட்சம் டாலர்.

இப்போ கணக்க பாருங்க. 35 சதவீதம் வாங்குற ஸ்டார் மூணு பேரு வச்சா 16.24 கோடி. செகண்ட் ஏப்ரனுக்கு கீழ நிக்கணும்னா மிச்சம் 4.54 கோடி, அதுல 12 பேரு, ஆளுக்கு சராசரி 38 லட்சம். லீக்ல ஒரு நல்ல ஏழாவது ஆள் கோடிக்கு மேல கேக்குறப்போ 38 லட்சத்துக்கு யாரு வருவா? வயசான வெட்ரன், இல்ல யாருமே எடுக்காத பையன். ஃபீனிக்ஸ்ல நடந்தது அச்சு அசல் இதான். டுராண்டுக்காக மிக்கல் பிரிட்ஜஸ், கேம் ஜான்சன், கூட நாலு ஃபர்ஸ்ட் ரவுண்ட் பிக்க ப்ரூக்ளினுக்கு குடுத்தாங்க, பீலுக்காக கிறிஸ் பால குடுத்தாங்க, அப்புறம் பெஞ்ச ஃபுல்லா மினிமம் ஆளுங்கள வச்சு ரொப்புனாங்க. 2024-25ல 36-46 (36 வெற்றி, 46 தோல்வி), பிளேஆஃப்கே வரல. 2025 சம்மர்ல டுராண்ட ஹூஸ்டனுக்கு ட்ரேடு பண்ணிட்டாங்க, பீலுக்கு பைஅவுட் (பணத்த பேசி முடிச்சு கான்ட்ராக்ட்ட முறிக்கிறது) குடுத்து அனுப்பிட்டாங்க. ரெண்டு வருஷத்துல கடைய மூடியாச்சு.

ஸ்டெப் 4: மூணாவது ஸ்டாருக்காக யார குடுத்தாங்கன்னு பாருங்க

நான் இந்தக் கட்டுரை எழுத உக்காந்ததே இந்த ஸ்டெப்புக்காக தான். பெரிய ட்ரேடு நியூஸ் வந்தா எல்லாரும் வர்ற ஆள பாப்பாங்க. நீங்க போற ஆள பாருங்க.

2020ல லெப்ரான் ஜேம்ஸும் ஆன்டனி டேவிஸும் லேக்கர்ஸுக்கு சாம்பியன்ஷிப் வாங்கிக் குடுத்தாங்க. அந்த டீம்ல கென்டேவியஸ் கால்ட்வெல்-போப்னு ஒருத்தர் (இனி கேசிபி), அலெக்ஸ் கருசோன்னு ஒருத்தர். ரெண்டு பேருமே போஸ்டர்ல வர்ற ஆளுங்க இல்ல. கருசோவ 2016 ட்ராஃப்ட்ல யாருமே எடுக்கல, டூ-வே கான்ட்ராக்ட்ல உள்ள வந்தவரு. 2021 சம்மர்ல லேக்கர்ஸ் மூணாவது ஸ்டார் வேணும்னு ரஸ்ஸல் வெஸ்ட்புரூக்க வாங்குனாங்க, அந்த சீசன்ல அவரு சம்பளம் மட்டும் 4.4 கோடி டாலர். அதுக்கு கைல் குஸ்மா, கேசிபி, மான்ட்ரெஸ் ஹாரல், ஒரு ஃபர்ஸ்ட் ரவுண்ட் பிக் எல்லாம் வாஷிங்டனுக்கு போச்சு. அதே சம்மர்ல கருசோவும் கிளம்பிட்டாரு, சிகாகோ 4 வருஷத்துக்கு 3.7 கோடி குடுத்துச்சு. லேக்கர்ஸ்கிட்ட அவரோட பேர்ட் ரைட்ஸ் இருந்துச்சு, கேப்ப தாண்டி வச்சிருக்கலாம், ஆனா வைக்கல.

அடுத்த சீசன் 33-49. நியாயமா சொல்லணும்னா லெப்ரான் 56 மேட்ச் தான் ஆடுனாரு, டேவிஸ் 40 தான், காயம் ஒரு பெரிய காரணம். ஆனா காயம் வந்தப்போ தாங்கிப் புடிக்க கீழ ஆளே இல்லையே.

சரி, அந்த ரெண்டு பேரு என்ன ஆனாங்க? கேசிபி வாஷிங்டன் வழியா டென்வர் போயி 2023ல ஸ்டார்ட்டரா இன்னொரு சாம்பியன்ஷிப் வாங்குனாரு. கருசோ சிகாகோல இருந்து ஓக்லஹோமா சிட்டி (இனி ஓகேசி) போயி 2025ல வாங்குனாரு. அந்த 2025ல செகண்ட் ரவுண்ட் ஏழாவது மேட்ச், எதிர்ல டென்வர், யோகிச்ச யாராலயும் நிறுத்த முடியல. ஓகேசி கோச் என்ன பண்ணாருன்னா 6 அடி 5 அங்குல கருசோவ கொண்டு போயி 6 அடி 11 அங்குல யோகிச் மேல விட்டாரு. பாக்க காமெடியா இருந்துச்சு, அண்ணன் தோள்ல தம்பி தொங்குற மாதிரி. ஆனா கருசோ பந்து அவருகிட்ட வர்றதுக்கு முன்னாடியே முன்ன வந்து நின்னு, இடுப்புல முட்டுக் குடுத்து, கைய நீட்டித் தட்டி விட்டு, பாஸ் போடுறவனுக்கே கடுப்பேத்திட்டாரு. மேட்ச் 125-93. ஆறாவது ஏழாவது ஆள்னா என்னன்னு யாராவது கேட்டா நான் அந்த மேட்ச தான் காட்டுவேன்.

"மியாமி மூணு ஸ்டார வச்சு ஜெயிக்கலையா?"ன்னு கேப்பீங்க. ஜெயிச்சாங்க, 2012லயும் 2013லயும். ஆனா 2010ல லெப்ரான், டுவைன் வேடு, கிறிஸ் பாஷ் மூணு பேருமே கொஞ்சம் கம்மியா வாங்கிக்கிட்டாங்க, அந்த மிச்சத்துல தான் ஹாஸ்லெம், மைக் மில்லர் எல்லாம் நின்னாங்க. அப்படியும் மொத வருஷம் 2011ல டர்க் நோவிட்ஸ்கிய சுத்தி ஜேசன் டெர்ரி, பரேயா, டைசன் சாண்ட்லர்னு ஆள் வச்சிருந்த டல்லாஸ்கிட்ட தோத்தாங்க. ஷேன் பேட்டியர் சேந்த பிறகு தான் 2012 கப்பு, ரே ஆலனும் சேந்த பிறகு 2013 கப்பு. 2013 ஃபைனல் ஆறாவது மேட்ச்ல 5 செகண்ட் மிச்சம் இருக்கும்போது கார்னர்ல இருந்து போட்டு உயிர் குடுத்தது அந்த மூணு பேர்ல ஒருத்தர் இல்ல, பெஞ்சுல இருந்து வந்த ரே ஆலன்.

ஸ்டெப் 5: பெஞ்ச் ஆளுக்கு எக்ஸ்பயரி டேட் பாருங்க

ஸ்டாரோட கான்ட்ராக்ட் நாலு அஞ்சு வருஷம். நல்ல பெஞ்ச் ஆள் ஒரு வருஷம் நல்லா ஆடுனா விலை ஏறிடும், நீங்க ஜெயிச்சதே அவன உங்ககிட்ட இருந்து பிரிச்சிடும். டென்வர் கதை அதான். 2022ல புரூஸ் பிரவுன சுமார் 65 லட்சம் டாலருக்கு எடுத்தாங்க. 2023 ஃபைனல் நாலாவது மேட்ச்ல பெஞ்சுல இருந்து வந்து 21 பாயிண்ட், அதுல 11 கடைசி குவார்ட்டர்ல. கப்பு வாங்குன கையோட அவரு ஃப்ரீ ஏஜென்ட் (கான்ட்ராக்ட் முடிஞ்சு எந்த டீமுக்கும் போகலாம்) ஆனாரு. ஒரே வருஷம் தான் டீம்ல இருந்ததால முழு பேர்ட் ரைட்ஸ் கிடையாது, டென்வரால சுமார் 78 லட்சத்துக்கு மேல குடுக்கவே முடியாது. இந்தியானா 2 வருஷத்துக்கு 4.5 கோடி நீட்டுச்சு. நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க? அவரும் அதான் பண்ணாரு.

டென்வர் அந்த எடத்த கிறிஸ்டியன் பிரவுன், பெய்டன் வாட்சன், புதுசா ட்ராஃப்ட் பண்ண பசங்கள வச்சு ரொப்பிக்கலாம்னு நெனச்சுது. 2024ல மினசோட்டாகிட்ட சொந்த ஊர்ல ஏழாவது மேட்ச், மூணாவது குவார்ட்டர்ல 20 பாயிண்ட் லீட், அத விட்டுட்டு தோத்தாங்க. அந்த சம்மர்ல கேசிபியும் ஆர்லாண்டோ போயிட்டாரு. அடுத்த சீசன் முடிய மூணே மேட்ச் இருக்கும்போது கோச் மைக்கேல் மலோன், ஜிஎம் கால்வின் பூத் ரெண்டு பேரையும் ஒரே நாள்ல தூக்குனாங்க. கோச்சுக்கு இன்னிக்கு மேட்ச் ஜெயிக்கணும், ஜிஎம்முக்கு சின்னப் பையன் ஆடி தேறணும், எந்த டீம்லயும் இந்த இழுபறி இருக்கும், ஸ்டார் உச்சத்துல இருக்கும்போது அது ரொம்ப வலிக்கும்.

இதுல ஒரு தமாஷ் பாருங்க. இந்தியானா புரூஸ் பிரவுனுக்கு குடுத்த பெரிய கான்ட்ராக்ட் இருக்கே, ஆறு ஏழு மாசத்துல அதையே ட்ரேடுல ரெண்டு பக்க சம்பளத்தயும் ஈடு கட்ட வச்சு டொரான்டோல இருந்து பாஸ்கல் சியாகம கொண்டு வந்துட்டாங்க. சியாகமோட 2025 ஃபைனல் வரைக்கும் போனாங்க. ஒரு ரோல் ப்ளேயருக்கு ஜாஸ்தி காசு குடுக்குறது எப்பவும் முட்டாள்தனம் இல்ல, அது நாளைக்கு ஒரு ட்ரேடுக்கு சில்லறை. செகண்ட் ஏப்ரன்ல மாட்டுனவங்ககிட்ட இந்த சில்லறை தான் இருக்காது. 2025ல புரூஸ் பிரவுன் சுத்திட்டு மறுபடி டென்வருக்கே வந்தாரு, இந்த தடவை மினிமம் சம்பளத்துக்கு.

மலிவா நல்ல ஆள் எங்க கிடைப்பான்னா, ஓகேசிய பாத்து கத்துக்கலாம். 2019ல பால் ஜார்ஜ கிளிப்பர்ஸுக்கு குடுத்து ஷே கில்ஜியஸ்-அலெக்சாண்டரும் அஞ்சு ஃபர்ஸ்ட் ரவுண்ட் பிக்கும் வாங்குனாங்க, அதுல ஒரு பிக் தான் 2022ல 12வதா வந்த ஜேலன் வில்லியம்ஸ். லூ டோர்ட்ட ட்ராஃப்ட்ல யாருமே எடுக்கல, டூ-வேல வந்தாரு. ஆரன் விக்கின்ஸ் 55வது பிக். ஐசயா ஜோ, ஃபிலடெல்ஃபியா வேணாம்னு விட்ட பையன். இதுக்கு விலை இல்லாம இல்ல, 22 வெற்றி, 24 வெற்றின்னு ரெண்டு சீசன் அடி வாங்கி உக்காந்திருந்தாங்க. அந்த பொறுமை எல்லா ஊர் ரசிகருக்கும் இருக்காது, எனக்கு நிச்சயமா இல்ல.

ஒரு விஷயம், டூ-வே ஆள் சீசன்ல 50 மேட்ச் வரைக்கும் தான் டீமோட இருக்கலாம், பிளேஆஃப்ல ஆட முடியாது. நல்லா ஆடுற டூ-வே பையன நம்பி இருந்தீங்கன்னா, அவன ஃபுல் கான்ட்ராக்டுக்கு மாத்தினாங்களான்னு ஏப்ரலுக்குள்ள பாத்துக்கோங்க.

ஸ்டெப் 6: ரெகுலர் சீசன் டெப்த் வேற, பிளேஆஃப் டெப்த் வேற

82 மேட்சுக்கு நிறைய ஆள் வேணும், பிரயாணம், அடுத்தடுத்த நாள் மேட்ச், காயம். 2013-14 சான் அன்டோனியோ ஸ்பர்ஸ்ல ஒருத்தர் கூட சராசரி 30 நிமிஷம் ஆடல, டோனி பார்க்கரே 29.4 தான், அப்படியே 62 மேட்ச் ஜெயிச்சு ஃபைனல்ல மியாமிய 4-1ன்னு முடிச்சாங்க. டிம் டங்கனுக்கு அப்போ 38 வயசு, கால் ஃப்ரெஷ்ஷா இருந்துச்சு. மனு ஜினோபிலி மாதிரி ஒரு ஆள் கௌரவம் பாக்காம பெஞ்சுல இருந்து வந்தாரு. அந்த மாதிரி ஆள் அமையறது வரம்.

பிளேஆஃப்ல எதிரணி ஏழு மேட்ச் உங்களையே உத்துப் பாக்கும். உங்க கோர்ட்ல டிஃபென்ஸ் தெரியாத ஒருத்தன் இருந்தா, ஒவ்வொரு தடவையும் ஸ்க்ரீன் போட்டு (டிஃபென்டர் வழிய மறிச்சு நின்னு) அவன தான் இழுத்துட்டு வந்து ஸ்டாருக்கு முன்னாடி நிறுத்துவாங்க. ஷூட் பண்ண தெரியாத ஒருத்தன் இருந்தா அவன தனியா விட்டுட்டு உங்க ஸ்டார் மேல ரெண்டாவது ஆள அனுப்புவாங்க. அதனால பெஞ்ச் ஆளுக்கு நான் வைக்கிற பரீட்சை ரெண்டே கேள்வி தான்: தனியா விட்டா மூணு பாயிண்டர் போடுவானா, தேடி வந்து அடிச்சா நிப்பானா? ரெண்டுக்கும் ஆமான்னா அவன் மேட்ச்சுக்கு 7 பாயிண்ட் தான் போட்டாலும் பரவால்ல. 16 பாயிண்ட் போட்டு ரெண்டாவது கேள்வியில ஃபெயில் ஆகுறவன் மே மாசம் துண்டப் போத்திட்டு உக்காந்திருப்பான்.

இதுக்கு நேர் எதிரா ஆடுனது தான் 2025 இந்தியானா. அவங்க கோச் ரிக் கார்லைல் ஃபைனல்லயும் பத்து பேர எறக்குனாரு, எல்லாரும் ஓடிக்கிட்டே இருந்தாங்க. மூணாவது மேட்ச்ல அவங்க பெஞ்ச் 49 பாயிண்ட், ஓகேசி பெஞ்ச் 18. பெனடிக்ட் மாத்துரின் 22 நிமிஷத்துல 27. ஏழாவது மேட்ச், நமக்கு திங்கக்கெழம காலைல அஞ்சரை மணி, டீ ஆறிப்போச்சு, மொத குவார்ட்டர்லயே இந்தியானாவோட ஸ்டார் டைரீஸ் ஹாலிபர்ட்டன் அக்கிலிஸ் (குதிகால் தசைநார்) அறுந்து கீழ விழுந்து தரைய கையால குத்துறாரு. அதுக்கு அப்புறமும் இடைவேளைல இந்தியானா ஒரு பாயிண்ட் முன்னாடி இருந்துச்சு, ஸ்டார் இல்லாம டெப்த் எவ்ளோ தூரம் இழுக்கும்னு கண்ணால பாத்தேன். முழு தூரமும் இழுக்கல, 103-91.

ஸ்டெப் 7: செகண்ட் குவார்ட்டர் தொடங்கும்போது ஃபோன கீழ வைங்க

பொதுவா ஸ்டார் மொத குவார்ட்டர் கடைசில உக்காந்து ரெண்டாவது தொடக்கத்துல கொஞ்ச நேரம் வெளிய இருப்பாரு, நாலாவது குவார்ட்டர் தொடக்கத்துலயும் அதே மாதிரி. அந்த நாலஞ்சு நிமிஷம் தான் உங்க டீமோட எக்ஸ்-ரே. ரெண்டு ஸ்டார் இருந்தா கோச் ஒருத்தர வெளிய எடுக்கும்போது இன்னொருத்தர உள்ள விடுறாரான்னு பாருங்க. ரெண்டு பேரையும் சேத்து உக்கார வச்சு லீட் கரையுதுன்னா அது பெஞ்சோட தப்பா, கோச்சோட தப்பான்னு யோசிங்க. யோகிச் வெளிய போனதும் டென்வர் பல வருஷம் தடுமாறுனத இந்த ஜன்னல்ல தான் பாக்க முடிஞ்சுது.

பாக்ஸ் ஸ்கோர்ல ப்ளஸ்-மைனஸ்னு ஒரு நம்பர் இருக்கும், ஒருத்தர் உள்ள இருந்தப்போ டீம் எவ்ளோ முன்னாடி பின்னாடின்னு. ஒரு மேட்ச் நம்பர வச்சு யாரையும் திட்டாதீங்க, கூட யாரு ஆடுனாங்க, எதிர்ல யாருங்கிறது அதுல தெரியாது. இருபது மேட்ச் சேத்துப் பாத்தா தான் அர்த்தம் வரும்.

இப்போ ஹோம்வொர்க். மறுபடி அந்த பேப்பர எடுங்க, ஓகேசிய 2027-28க்கு போட்டுப் பாருங்க. 2025 சம்மர்ல ஷே 4 வருஷத்துக்கு 28.5 கோடி டாலர் எக்ஸ்டென்ஷன் போட்டாரு, அது அந்த சீசன்ல தான் ஆரம்பிக்குது, கேப்ல 35 சதவீதம். செட் ஹோம்க்ரெனுக்கு சுமார் 25. ஜேலன் வில்லியம்ஸுக்கும் சுமார் 25. மூணு பேரே சுமார் 85 சதவீதம். அதுக்கு கீழ கருசோ, டோர்ட், ஹார்டன்ஸ்டைன், கேசன் வாலஸ், விக்கின்ஸ், ஜோன்னு எழுதிட்டு செகண்ட் ஏப்ரன தாண்டாம யார வைக்கலாம், யார விடலாம்னு அடிச்சு அடிச்சு எழுதுங்க. நான் போட்டப்போ மொதல்ல ஹார்டன்ஸ்டைன அடிச்சேன், அப்புறம் மனசு கேக்காம திரும்ப எழுதி டோர்ட்ட அடிச்சேன், அப்பயும் கணக்கு கோட்டுக்கு மேல தான் நிக்குது.